பாரம் முதலாளிக்கு, அபராதம் டிரைவருக்கா?

கோவில்பட்டிக் கரிசலின் பருத்தியையும் தீப்பெட்டிப் பண்டலையும் சுமப்பவை லாரியும் டிராக்டர் டிரெய்லரும்தான். வண்டியும் பாரமும் சேர்ந்து ஆர்.சி. புத்தகத்திலுள்ள எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இறக்குகூலி தனி. அதிகப் பாரத்தை இறக்காமல் வண்டி நகரக் கூடாது.

சட்டம் நல்லதே. பிரேக் பிடிக்காத பாரம் முதலில் நசுக்குவது டிரைவரைத்தானே! ஆனால் ஒரு நடையை மிச்சம் பிடிக்க ஏற்றச் சொன்னவர் யார்? முதலாளி. சம்பளத்தில் பிடித்தம் யாருக்கு?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-வது பிரிவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஓட்டியவர் சொந்தக்காரர் அல்ல என்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின் பேரிலோதான் குற்றம் நடந்தது எனக் கோர்ட் கொள்ளலாம் என்கிறது அது. தோழர்களே, தலைகுனிந்து கையெழுத்துப் போடாதீர்கள். எடைச் சீட்டைக் கேளுங்கள். ஏற்றச் சொன்னவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.