வாய் திறவாத மாணவன்

விடைத்தாள் திருத்தும் உபாத்தியாயருக்கு உலகத்திலுள்ள விசித்திரங்கள் யாவும் ஓரளவு பழகிப்போய்விடும். அசோகச் சக்கரவர்த்தியைக் கலிங்கத்தில் தோற்கடித்துவிட்ட மாணவர்களை நாம் கண்டதுண்டு. காவேரியை வடக்கு நோக்கி ஓடவிட்டவர்களையும் கண்டதுண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அரையாண்டுத் தேர்வில் நம் கைக்கு வந்த ஒரு தாள் நம்மைத் திகைக்க வைத்தது. அதில் தவறு ஒன்றுமே இல்லை. பெயரும் எண்ணும் அழகிய கையெழுத்தில் இருந்தன. அதன் பின் பக்கத்துக்குப் பக்கம் வெறும் வெள்ளைக் காகிதம். அந்தப் பையன் அதற்கு முந்தின வருஷம் வகுப்பில் முதல்வன்.

'பதினாறு வயதுத் திமிர்' என்று நாமே தீர்ப்பு எழுதினோம். காரணம் கேட்டோம், அவன் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் அவனைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்தோம். கோபமும் இல்லாமல், வெட்கமும் இல்லாமல், சுவரைப் பார்த்தபடி நின்றான். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நம்மைத்தான் திட்டுகிறான் என்று எண்ணினோம். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளை நெருங்கியவருக்கு அவ்வளவுதான் எண்ணத் தெரிந்தது.

பையனின் பெயர் இங்கே வேண்டாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலத்தை அடுத்த நைனார்பாளையம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் போதும். மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் கரிசல் காடு. கடன் வாங்கியாவது மகனைப் படிக்க வைக்கும் தகப்பனார். அந்த வீட்டில் நடந்தது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. பையன் இரவெல்லாம் உறங்குவதில்லை. குளிப்பதை நிறுத்திவிட்டான். தாயார் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, விஷம் கலந்திருக்கிறது என்று தள்ளினான். காற்றுச் சேஷ்டை என்றார்கள், கயிறு கட்டினார்கள், கோடங்கி பார்த்தார்கள், குணசீலம் பெருமாள் சந்நிதிக்கும் அழைத்துப் போய்வந்தார்கள். இப்படியே எட்டு மாதம் கழிந்தது. அந்த எட்டு மாதத்தில் பாதி நாட்கள் அவன் நம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"ஐயா, இவன் படிச்சது போதும். டி.சி.யைக் குடுத்துடுங்க. காட்டோட கெடக்கட்டும்."

"என்ன ஐயா, கெட்டிக்காரப் பையனாயிற்றே!" என்றோம்.

அவ்வளவுதான்; துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த மனிதர் அழுதுவிட்டார். அன்று நாம் செய்த ஒரே நல்ல காரியம், டி.சி. எழுதாமல் இருந்ததுதான். மறுநாள் மூவருமாகப் பஸ் ஏறி அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் அம்மாள் எங்கள் இருவரையும் கையமர்த்திவிட்டுப் பையனைப் பார்த்து, "தம்பி, ராத்திரியில தூக்கம் வருதா? யாராவது பேசுற மாதிரி கேக்குதா?" என்று கேட்டார். எட்டு மாதமாக அவனை ஒருவரும் கேட்காத கேள்வி அது.

பையன் வெகுநேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "எப்பவும் பேசுறாங்க. என் பேரைச் சொல்லி ஏசுறாங்க. பரீட்சையில கேள்வியைப் படிக்கவே விடல. சார் கேள்வி கேட்டப்பவும் அவங்கதான் பேசினாங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?" என்றான்.

வெற்றுத் தாளின் பொருள் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நிற்க. இந்த வியாதிக்கு மனச்சிதைவு என்று பெயர். உலகில் ஏறக்குறைய முந்நூறு பேரில் ஒருவருக்கு இது உண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. வாலிபத்தின் வாசலில், அதாவது பதினேழு, பதினெட்டு வயதிலிருந்து முப்பதுக்குள், பெரும்பாலும் தலைகாட்டும். பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். பொதுவாக மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் துவங்குகின்றன என்று 2021ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. நம் தேசத்தில் 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதேனும் ஒருவகை மனநோய் இருப்பதாகக் கண்டது. ஆகவே, சின்னம்மையையும் டைபாய்டையும் அறிந்துள்ள பெற்றோரும் உபாத்தியாயரும் இதையும் அறிந்திருக்க வேண்டியவர்களே.

இதற்கு மருந்து உண்டா என்று பலர் கேட்கிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் இல்லை. சென்னையில் 1794லேயே சித்தப்பிரமை கொண்டவர்களுக்கு ஒரு விடுதி ஏற்பட்டது; 1871ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறிற்று. ஆனால் அந்நாளில் அங்கே சுவர்கள்தாம் பலமாக இருந்தன. 1952ல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தின் குணம் வெளிப்பட்ட பிறகே, காதில் ஒலிக்கும் குரல்களை அடக்க வழி பிறந்தது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு 1961ல் முதல் பெண் கண்காணிப்பாளராக வந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் வீடு திரும்பி வேலை செய்து வாழ முடியும் என்பதில் உறுதியாக இருந்தார். 1984ல் சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். சென்னையில் 1981 முதற்கொண்டு 90 நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தணிந்திருந்தது. 'பைத்தியம் பிடித்தால் போனதுதான்' என்ற பேச்சை நம் வீடுகளிலிருந்து ஒழிக்க இது ஒன்றே போதும்.

ஆனால் காலதாமதம் கொடிது. மருந்தில்லாமல் கழியும் மாதங்கள் அதிகமாக ஆக, குணமடைவதும் அவ்வளவுக்குக் கடினமாகிறது. தாமதத்தின் முடிவு எதுவரை போகும் என்பதற்கு 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி சாட்சி. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் விரோதிகள் அல்லர்; வேறு வழி தெரியாத தாய் தந்தையரும் உடன்பிறந்தாருமே.

அந்நியர் 1912ல் இயற்றிய பைத்தியச் சட்டம், நாம் சுதந்திரமடைந்த பின்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் நம்மை ஆண்டது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கு நேர்மாறானது. யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. வயது வராத பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கலாகாது. உடன் ஒருவர் தங்க வேண்டும் என்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவது நோயாளியின் உரிமை என்கிறது. ஒரு தேசம் விடுதலை பெற்றது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம் என்றே நாம் கருதுகிறோம்.

கோயிலுக்குப் போவதைப் பரிகசிக்க நாம் இதை எழுதவில்லை. சந்நிதியில் நிற்கும்போது தாயாருக்குக் கிடைக்கும் தைரியம் சாமான்யமானதல்ல. விளக்கும் ஏற்றட்டும், மாத்திரையும் கொடுக்கட்டும். ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடாயிற்று.

மருந்துக்கு அடுத்தபடி வேண்டியது வீட்டாரின் நாவடக்கம். லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்ற ஆராய்ச்சியாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களை ஓயாமல் குறை கூறும் குடும்பங்களில் நோய் சீக்கிரம் திரும்புவதைக் கண்டார். பிறகு சண்டிகரில் ஆராய்ந்தபோது, நம் குடும்பங்களில் அத்தகைய குறைச்சொல் குறைவு என்று தெரிந்தது. பெருமைக்குரியதே. எனினும் 'எதிர்வீட்டுப் பையனைப் பார்' என்ற வாக்கியம் புழங்காத வீடு எத்தனை? மாத்திரையினால் காலையில் தூக்கம் கலையாது, உடம்பு பருக்கும், கை நடுங்கும். இவற்றைச் சோம்பல் என்று ஏசாமல் டாக்டரிடம் சொன்னால் அவர் மருந்தை மாற்றித் தருவார். குணம் தெரிந்தவுடன் தாமாக மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

பெண் பிள்ளையானால் 'வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?' என்ற அச்சம் ஆஸ்பத்திரியின் வாசலிலேயே காலைக் கட்டிவிடுகிறது. அந்த அச்சத்தை அறிவோம். ஆனால் மறைத்த நோய் வளர்கிறதேயன்றி மறைவதில்லை. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசாங்க ஏற்பாடு, கட்டணம் கிடையாது. சிறுவங்கூரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின், நம் பக்கத்தாருக்குச் சேலமோ விழுப்புரமோ ஓட வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது.

நம் பையன் ஒரு வருஷம் பின்தங்கினான். அவனுடன் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனதைப் பார்த்து அவன் பட்ட வேதனை நோயினும் பெரிது என்று அவனே சொன்னான். நாம் செய்ய முடிந்தது கொஞ்சமே. ஜன்னலோரத்து இடத்தை அவனுக்காக வைத்திருந்தோம். காலை முதல் பாடத்துக்கு வராவிட்டால் கேள்வி கேட்பதில்லை என்று சக ஆசிரியர்களிடம் பேசிவைத்தோம். பக்கத்தில் உட்கார ஒரு நல்ல சிநேகிதனைப் பார்த்து வைத்தோம். மறு ஆண்டு தேறினான். முதல்வனாக அல்ல, தேறினான்.

இப்போது தகப்பனாரின் காட்டைக் கவனித்துக்கொண்டு தபால் மூலம் பட்டப் படிப்புப் படிக்கிறான். இரவு மாத்திரை தவறுவதில்லை. சில நாள் குரல்கள் தூரத்தில் கேட்பதுண்டாம். "கேட்டாலும் இப்ப பதில் சொல்றதில்ல" என்கிறான்.

சென்ற பொங்கலுக்கு மக்காச்சோளக் கதிர்களுடன் நம் வீட்டுக்கு வந்தான். இதை எழுதலாமா என்று கேட்டோம். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றான். போகும்போது திரும்பி நின்று, "அந்த வெள்ளைத் தாளுக்கு எத்தனை மார்க்கு சார் போட்டீங்க?" என்றான்.

"பூஜ்யம்" என்றோம்.

"நாள் முழுக்கத் தாழ்வாரத்துல நின்னதுக்காவது ரெண்டு மார்க்கு போட்டிருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தான். நமக்குத்தான் உடனே சிரிக்க முடியவில்லை.