உலைக்களத்தின் அறிவு

சீனாவின் அறிவியல் பழமையைப் பேசவரும் பாடநூல்கள் காகிதம், அச்சு, திசைகாட்டி, வெடிமருந்து என்று நான்கு பெயர்களை அடுக்கிவிட்டு, அவற்றுள் வெடிமருந்தை மட்டும் சாகாமருந்து தேடிய ரசவாதிகளின் கையில் தற்செயலாகச் சிக்கிய பொருள் என ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பல நூற்றாண்டுகளாக உலையடியில் அமர்ந்து பொருள்களைச் சுட்டும் உருக்கியும் குறித்துவைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பாவோபூட்சி' என்னும் நூலை எழுதிய கெ ஹோங், சாதிலிங்கத்தைச் சுட்டால் பாதரசம் பிறக்கும் என்றும், பல மாற்றங்களுக்குப் பின் அது மீண்டும் சாதிலிங்கமே ஆகும் என்றும் பதிவுசெய்தார். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடிய செந்நிறக் கனிமம். சூட்டில் கந்தகம் புகையாக வெளியேறப் பாதரசம் தனித்து நிற்கும். அதனோடு மறுபடியும் கந்தகம் சேர்த்தால் முதலில் கருநிறச் சேர்மமும், அதைப் பதங்கமாக்கினால், அதாவது ஆவியாக்கி மீண்டும் திண்மமாகப் படியவிட்டால், பழைய செந்நிறமும் கிடைக்கும். அழிந்ததாகத் தோன்றியது திரும்பிவரும் இந்தச் சுழற்சிதான் மனித உடலுக்கும் அழிவின்மை வாய்க்கும் என்ற நம்பிக்கைக்கு உரமிட்டது. அந்த நம்பிக்கைக்குத் தாங் வம்சப் பேரரசர்கள் சிலரும் பலியானார்கள்.

நம்பிக்கை பொய்த்தாலும் உற்றுநோக்கல் பொய்க்கவில்லை. தாவோ ஹோங்ஜிங் (456–536), தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் உப்புகளிலிருந்து உண்மையான வெடியுப்பைப் பிரித்தறிய, எரியும்போது அது ஊதாநீலப் புகை தரும் என்னும் அடையாளத்தைக் கூறினார். வெடியுப்பிலுள்ள பொட்டாசியம் தீச்சுடருக்கு ஊதா நிறம் தருவதே இதன் காரணம்; இதே வேறுபாட்டை ஐரோப்பிய வேதியியலார் பயன்படுத்தத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். வெளிக்காற்றை எதிர்பாராமல் எரிபொருளுக்கு ஆக்சிஜன் கொடுக்கவல்ல இவ்வுப்பை அடையாளம் காணாமல் வெடிமருந்து பிறந்திருக்க முடியாது. தாங் காலத்ததாகக் கருதப்படும் தாவோ நெறி நூலொன்று, கந்தகம், மனோசிலை, வெடியுப்பு ஆகியவற்றைத் தேனோடு சேர்த்துச் சுட்டவர்களின் கையும் முகமும் வெந்து, வீடும் எரிந்துபோனதைச் சொல்லி எச்சரிக்கிறது. வெடிமருந்துக்கு வேண்டிய கரிக்கு ஈடாக இங்கே தேன் நின்றிருக்கிறது. விபத்து நேர்ந்தது உண்மை; அதை எழுதிவைத்துப் பின்வருவோரைக் காத்ததே அறிவியலின் செயல்.

சீனர்கள் வெடிமருந்தை வாணவேடிக்கைக்கு மட்டுமே பயன்படுத்தினார்கள் என்ற கூற்றும் நிற்காது. 1044இல் சோங் அரசின் ஆணையால் தொகுக்கப்பட்ட 'வூஜிங் சோங்யாவ்' என்னும் போர்நூலில் வெடிமருந்துச் செய்முறைகள் மூன்று எடைக்கணக்குடன் உள்ளன. அவற்றில் வெடியுப்பின் பங்கு குறைவாதலால் அக்கலவைகள் வெடிப்பதைவிடக் கடுமையாக எரியவே பயன்பட்டன. கலவையில் வெடியுப்பைப் படிப்படியாக உயர்த்திய கைவினைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியவில்லை. ஆனால் 1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த ஜின் வம்சப் படையினர் வீசிய குண்டுகள் இரும்புக் கூட்டையே பிளந்து சிதறின.