"லைட்தான் எரியலையே டாக்டர்!"

1/ "தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. அப்புறம் எதுக்கு டாக்டர் பிபி மாத்திரை?"

விக்கிரமங்கலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் என் கிளினிக் ஒரு நாளும் மூடியதில்லை. நானும் சளைக்காமல் திட்டுவேன். ஆனா இதே கேள்வியை என் காருக்காக நானே கேட்டு, அதற்கான தண்டத்தையும் கட்டியிருக்கேன். இந்த இழை அதைப் பற்றித்தான். பழைய கார் பிரியர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2/ என் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான கார். 948 சிசி. பார்க்க சாது. ஆனால் 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், இந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கிக் கட்டியதுதான். இன்ஜினும் அதே குடும்பம். அந்தப் பெருமையில் நாங்களும் வண்டியை விரட்டுவோம். ஆனால் ஆயில் பிரஷர் பற்றிச் சொல்ல என் டேஷ்போர்டில் இருந்தது ஒரே ஒரு குட்டி லைட்.

3/ ஒரு சித்திரை மாதம். அரியலூரிலிருந்து திரும்பறேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை. அரை மணி நேரம் இரண்டாவது கியர். ஊருக்குள் வந்து ஐடிலிங்கில் நிற்கும்போது லைட் லேசாகச் சிமிட்டியது.

மெக்கானிக் சொன்னார்: "ஸ்விட்ச் போயிருக்கும் சார். வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டி ஆயிலும் ஊத்திடலாம்." இரண்டும் செய்தோம். லைட் அடங்கியது. நானும் அடங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அடியில் 'டக் டக்'. பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்டில் கோடு விழுந்து, இன்ஜின் முழுசா இறங்கியது.

மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அளந்து பார்க்காமலே மருந்து போதும் என்றது நான்தான்.

4/ அந்த லைட்டின் வேலை என்ன தெரியுமா? பெரும்பாலான பழைய கார்களில் பிரஷர் 5 அல்லது 7 பிஎஸ்ஐக்குக் கீழே போனால்தான் அது எரியும். இன்ஜின் நன்றாகச் சூடேறி ரோட்டில் ஓடும்போது இருக்க வேண்டியது சுமார் 40 முதல் 60. அது 50-லிருந்து 20-க்கு இறங்கினாலும் லைட் வாயைத் திறக்காது.

அடிபட்டு வரும் ஆளுக்கு ரத்தம் 30 சதவீதம் வரை போன பிறகும், படுத்திருக்கும்போது மேல் பிபி நார்மலாகவே காட்டலாம். அதனால்தான் நாடித்துடிப்பைப் பார்க்கிறோம், கைகால் சில்லிட்டிருக்கா என்று தொட்டுப் பார்க்கிறோம். "பிபி விழட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிற டாக்டரிடம் உங்க வீட்டு ஆளை விடுவீங்களா? காரை மட்டும் ஏன் விடறீங்க?

5/ சரி, பிரஷர் மீட்டர் மட்டும் போதுமா? போதாது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். முள் ஜோராக மேலே நிற்கும். அந்த எண்ணை நம்பி சந்தோஷப்படாதீங்க. சூடு ஏற ஏற ஆயில் இளகும், முள் இறங்கும். எத்தனை டிகிரியில் எத்தனை பிஎஸ்ஐ என்று சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை ஆயிலுக்கு நல்ல சூடு. 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுங்க.

ரேடியேட்டர் தண்ணீரின் முள்ளை வைத்து ஆயிலின் சூட்டைச் சொல்ல முடியாது. தண்ணீர் சீக்கிரம் சூடாகும், ஆயில் மெதுவாகத்தான் வரும். தண்ணீர் முள் நடுவுக்கு வந்ததும் விரட்டுபவர்கள், சாப்பிட்ட கையோடு ஓட்டப்பந்தயம் ஓடறவங்க மாதிரி.

6/ கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் ஏறும், உண்மைதான். ஆனால் பேரிங்குக்குப் போகும் ஆயிலின் அளவு கூடியது என்று அர்த்தமில்லை. பிபி 180 உள்ளவருக்கு ரத்த ஓட்டம் பிரமாதமா இருக்கு என்று யாராவது சொல்வோமா?

7/ விரட்டவே கட்டிய கார்களைப் பாருங்க. 1963-ல் உலகுக்குக் காட்டிய போர்ஷே 911-ல் ரேடியேட்டர் தண்ணீரே கிடையாது. காற்றும் ஆயிலும்தான் இன்ஜினைக் குளிர வைத்தன. அதனால் ஓட்டுநர் கண்ணெதிரே ஆயில் பிரஷருக்கும் முள், ஆயில் சூட்டுக்கும் முள் வைத்தார்கள். அழகுக்கு வைத்ததில்லை.

8/ "மீட்டர் மாட்டினால் ஒரிஜினாலிட்டி கெட்டுடும்." இதுதான் எனக்கு எரிச்சல் ஏற்றும் வசனம். பெயின்டுக்கும் குரோமுக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்தவர் சொல்வார். இன்ஜின் ஜாம் ஆனால் ஒரிஜினல் பிளாக்கே போயிடும் சார். அப்போ எந்த ஒரிஜினாலிட்டி?

டேஷ்போர்டில் ஓட்டையே போட வேண்டாம். ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி-பீஸ் போட்டால் லைட்டும் இருக்கும், மீட்டரும் இருக்கும். சூட்டுக்கான சென்சாரை ஆயில் சம்ப் பக்கம் மாட்டலாம். மீட்டர்கள் டேஷ்போர்டுக்கு அடியில், ஒரு தகட்டில் தொங்கட்டும். கண்காட்சி அன்று கழற்றி வைச்சுக்குங்க.

9/ "எங்க தாத்தா இதெல்லாம் இல்லாமலே ஓட்டினார்." ஓட்டினார்தான். அன்று இன்ஜின் புதுசு. இன்று அதற்கு அறுபது வயசு. இருபது வயசில் பிபி பார்க்காமல் இருந்தவர், அறுபதிலும் அப்படியே இருப்பேன் என்றால் நான் என்ன செய்ய?

10/ செய்ய வேண்டியது இதுதான். வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, ஐடிலிங்கில் ஒரு எண், 3000 ஆர்பிஎம்மில் ஒரு எண், அப்போது ஆயில் எத்தனை டிகிரி என்பதோடு நோட்டில் எழுதுங்க. மாதம் ஒருமுறை. உங்க வண்டியின் மேனுவலோடு ஒப்பிடுங்க. எண் மெல்ல இறங்கினால் காரணம் தேடுங்க. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். ஓடும்போது திடீரென்று பிரஷர் விழுந்தால், "அடுத்த பங்க் வரை போயிடலாம்" வேண்டாம். ஓரங்கட்டி உடனே ஆஃப்.

11/ கடைசியா ஒன்று. 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். அவர்களிடமும் "எனக்கு ஒண்ணும் பண்ணல" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு ஒரு பக்கம் கை கால் விழுந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. காருக்குப் புது கிராங்க் தேடலாம். இதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை அளங்க. அன்றைக்கே உங்களையும் அளந்துக்குங்க. லைட் எரியட்டும் என்று காத்திருக்காதீங்க.