தெரிந்த கேள்வியிலே பறிபோகும் மார்க்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு என்று மும்பையில் நம்மவர்கள் வாழும் பகுதிகளிலெல்லாம் ஒரே பேச்சுத்தான். "எல்லாம் நல்லாத்தான் எழுதினேன், கெமிஸ்ட்ரிதான் காலை வாரிவிட்டது" என்பான் பையன். "டியூஷனுக்குக் கடன் வாங்கிக் கட்டினேனே" என்பார் தகப்பனார்.

ரசாயனத்தில் மார்க் குறைந்தால், பிள்ளைக்குப் பாடம் தெரியவில்லை என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, விடைத்தாள் திருத்துவோருக்கு சி.பி.எஸ்.இ. வாரியம் கொடுக்கும் மதிப்பீட்டுக் குறிப்புகளைப் புரட்டினால் போதும். பரீட்சை முடிந்தபின் வாரியமே அவற்றை வெளியிடுகிறது. சூத்திரத்துக்கு இவ்வளவு, எண்களைப் பொருத்தியதற்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று மார்க் பிரித்துத் தரப்பட்டிருக்கும். அதன் அடியிலே ஒரு வரி அடிக்கடி வரும்: அலகு எழுதாவிட்டால், அல்லது தவறாக எழுதினால், அரை மார்க் கழிக்கவும்.

அரை மார்க்தானே என்று நினைக்கலாம். 70 மார்க் தாளில் கணக்குகள் நான்கைந்து வந்தால் அதுவே இரண்டு மார்க், இரண்டரை மார்க். கணக்கு தெரிந்த பிள்ளைக்கு, விடை சரியாக வந்த பிள்ளைக்கு ஏற்படும் நஷ்டம் இது. பாரத்தில் எல்லாம் எழுதிவிட்டுக் கையெழுத்தை விட்டவரைக் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்புகிறார்களே, அந்தக் கதைதான்.

மகாராஷ்டிர மாநில வாரியத்தின் எச்.எஸ்.சி. தாளில் வேறொரு கண்ணி இருக்கிறது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்குப் பத்து மார்க். அதில் விடையின் எழுத்தை மட்டும் எழுதினாலும் மார்க் இல்லை, விடையை மட்டும் எழுதினாலும் மார்க் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். முதலில் எழுதியதைத்தான் திருத்துவார்கள். அடித்துவிட்டுப் பின்னால் சரியாக எழுதினாலும் பயனில்லை. இவ்வளவும் கேள்வித்தாளின் முகப்பிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் தாளைக் கையில் வாங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் முதல் கேள்விக்குத் தாவுகிறார்கள். சி.பி.எஸ்.இ. பரீட்சையில் தாளைப் படிப்பதற்கென்றே 15 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தையும் முகப்பு வரிகளுக்கு யாரும் செலவிடுவதில்லை.

டிகிரியா, கெல்வினா?

இனி கணக்குகளுக்கு வருவோம். வெப்பநிலை 27 டிகிரியிலிருந்து 37 டிகிரி செல்சியஸுக்கு உயரும்போது ஒரு வினையின் வேகம் இரண்டு மடங்காகிறது. கிளர்வு ஆற்றல் என்ன? இது ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு வடிவில் வரும் கேள்வி. அர்ஹீனியஸ் சமன்பாட்டில் வெப்பநிலையைக் கெல்வினில் போட வேண்டும். அதாவது 300, 310. அப்படிச் செய்தால் ஒரு மோலுக்குச் சுமார் 53,600 ஜூல், அதாவது 53.6 கிலோஜூல் என்று வரும். அவசரத்தில் 27, 37 என்றே போட்டுவிட்டால் 576 ஜூல் என்று வரும். சரியான விடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு! ஆனாலும் பிள்ளை அதன்கீழ் இரட்டைக்கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான். சாதாரணமாக இத்தகைய கணக்குகளில் விடை பத்துக்கணக்கான கிலோஜூல்களில் வரும் என்ற மதிப்பு மனத்தில் இருந்தால், 576ஐப் பார்த்தவுடனே சந்தேகம் தட்டியிருக்கும். சூத்திரத்தை உருப்போட வைக்கும் டியூஷன்கள் இந்த மதிப்பைக் கற்றுக்கொடுப்பதில்லை.

வாயு மாறிலியும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். ஆற்றல் கேட்டால் 8.314 என்ற மதிப்பு. லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் வந்தால் 0.0821. சவ்வூடு அழுத்தக் கணக்கில் 8.314ஐப் போட்டு, விடைக்கு 'வளிமண்டலம்' என்று அலகு எழுதினால் விடை நூறு மடங்குக்கு மேல் பெருத்துவிடும்.

கரைசல் பாடத்தில் உப்பைச் சர்க்கரை போல நடத்துவது நெடுநாளைய பிழை. 5.85 கிராம் சோடியம் குளோரைடை ஒரு கிலோ தண்ணீரில் கரைத்தால் உறைநிலை எவ்வளவு தாழும்? தண்ணீரின் மாறிலி 1.86. உப்பின் அளவு 0.1 மோலால். பெருக்கி, 0.186 டிகிரி என்று எழுதிவிடுகிறார்கள். உப்பு தண்ணீரில் இரண்டு அயனியாகப் பிரிகிறது, ஆகவே 0.372. வான்ட் ஹாஃப் காரணி என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் கேள்வியில் அந்தப் பெயர் வராவிட்டால் நினைவும் வருவதில்லை. மோலாலிட்டிக்குக் கரைப்பானின் எடை, மோலாரிட்டிக்குக் கரைசலின் கனஅளவு என்ற வேறுபாட்டிலும் மார்க் போகிறது.

மின்வேதியியலில் நடக்கும் தவறு கொஞ்சம் வேடிக்கையானது. துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்த மின்கலம். வெள்ளியின் மின்னழுத்தம் 0.80 வோல்ட், துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76. சமன்பாட்டில் இரண்டு வெள்ளி அயனிகள் வருவதால் 0.80ஐ இரண்டால் பெருக்கி 2.36 வோல்ட் என்கிறார்கள். சரியான விடை 1.56. பெரிய டார்ச் செல்லும் 1.5 வோல்ட்தான், கடிகாரத்தில் போடும் சின்ன செல்லும் 1.5 வோல்ட்தான், பொருள் கூடினால் வோல்ட் கூடாது. அந்த இரண்டு வரவேண்டிய இடம் கிப்ஸ் ஆற்றல் கணக்கு: இரண்டு எலக்ட்ரான், 96,500, 1.56 ஆகியவற்றைப் பெருக்கினால் மைனஸ் 301 கிலோஜூல். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலும் வெள்ளி அயனியின் செறிவுக்கு வர்க்கம் போட வேண்டும். அங்கே மறந்துவிடுகிறார்கள், வேண்டாத இடத்தில் பெருக்குகிறார்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். எச்.எஸ்.சி. தாளில் லாக் அட்டவணைக்கு அனுமதி உண்டு, கால்குலேட்டருக்கு இல்லை. நீட் தேர்வில் இரண்டுமே கிடையாது. வீட்டில் பிள்ளை எதைக்கொண்டு கணக்குப் போடுகிறது? செல்போனைக் கொண்டு. ஓராண்டு முழுவதும் அப்படிப் பழகிய கை, பரீட்சை மண்டபத்தில் எதிர்மடக்கையில் தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று தடுமாறுவதில் வியப்பில்லை.

காரணம் சொல்லும் கேள்விகள்

கணக்கைவிட அதிகமாக மார்க் கரைவது 'காரணம் கூறுக' வகைக் கேள்விகளில். அமீன்களின் காரத்தன்மையை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். தண்ணீரில் மெத்தில் அமீன்களுக்கு ஒரு வரிசை, எத்தில் அமீன்களுக்கு வேறு வரிசை. இரண்டிலும் ஈரிணைய அமீன்தான் முதலில் நிற்கும். அடுத்த இடம் மெத்திலில் ஓரிணையத்துக்கு, எத்திலில் மூவிணையத்துக்கு. மனப்பாடம் செய்த பிள்ளை இதை மாற்றி எழுதும். கேள்வியில் 'தண்ணீரில்' என்று இருக்கிறதா, 'வாயு நிலையில்' என்று இருக்கிறதா என்று பார்க்காத பிள்ளை வரிசையையே தலைகீழாக்கிவிடும்.

பீனாலுடன் புரோமின் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் அதேபோல. புரோமின் நீர் என்றால் மூன்று புரோமின் ஏறி வெள்ளை வீழ்படிவு வரும். கார்பன் டைசல்பைடில் கரைத்த புரோமின், குறைந்த வெப்பம் என்றால் ஒன்றுதான் ஏறும். அம்புக்குறியின் மேல் எழுதும் சிறு வரிதான் விடை. அதை எழுதாமல் விட்டவர் எதை நினைத்து எழுதினார் என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு சேர்மங்களை வேறுபடுத்தும் சோதனையில், 'டாலன்ஸ் சோதனை' என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புரோப்பனால் வெள்ளி ஆடியைத் தரும், அசிட்டோன் தராது என்று இரண்டு பக்கத்தையும் சொன்னால்தான் அது வேறுபடுத்தல்.

இதில் மொழிச் சிக்கலும் கலந்திருக்கிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஜூனியர் காலேஜில் ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பாடம் புரியாமல் அல்ல, கேள்வியின் வாசகம் புரியாமல் அவர்கள் தவறுகிறார்கள். 'சரியல்லாதது எது' என்ற கேள்விக்குச் சரியானதைக் குறித்துவிட்டு வருவது ஓர் உதாரணம். நீட் தமிழிலும் நடக்கிறதே என்று கேட்கலாம். 2024 அறிவிப்பின்படி தமிழ்த் தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களுக்குத்தான். மும்பையில் எழுதுகிறவனுக்கு அது இல்லை.

எந்தப் புத்தகம்?

பிள்ளைகளின் தவறு என்று சொல்ல முடியாத ஒரு தவறும் இருக்கிறது. 2022ல் என்.சி.இ.ஆர்.டி. தன் புத்தகங்களைச் சுருக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு ரசாயனத்தில் திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், உலோகப் பிரிப்பு, பி-பிளாக் தனிமங்கள், பாலிமர்கள், அன்றாட வாழ்வில் ரசாயனம் ஆகிய ஆறு பாடங்கள் போயின. சி.பி.எஸ்.இ. பிள்ளைக்குப் பத்துப் பாடம்தான் மிஞ்சியது. நல்லதுதானே என்று இருந்துவிட முடியாது. 2024 நீட் தேர்வுக்கு வெளியான பாடத்திட்டத்தில் பி-பிளாக் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நடத்தாத பாடத்திலிருந்து மருத்துவத் தேர்வில் கேள்வி! பணம் கட்டிக் கோச்சிங் போனவனுக்கு அது தெரியும். பள்ளிப் புத்தகத்தை மட்டும் நம்பியவனுக்கு யார் சொல்வது? மகாராஷ்டிர வாரியப் புத்தகங்களில் இந்தத் தனிமங்கள் பதினொன்றிலும் பன்னிரண்டிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்த வகையில் எச்.எஸ்.சி. பிள்ளைக்கு ஒரு சாதகம்.

பழைய புத்தகத்தால் என்ன நேரும் என்பதை நாடே 2024ல் பார்த்தது. அந்த ஆண்டு நீட் பௌதிகத் தாளில் அணுவைப் பற்றிய ஒரு கேள்விக்கு, பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின்படி ஒரு விடை, புதியதன்படி இன்னொரு விடை. தேர்வு முகமை இரண்டுக்கும் மார்க் கொடுத்தது. சுப்ரீம் கோர்ட் டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கேட்டது, ஒரு விடைதான் சரி என்றார்கள். அந்த ஒரு கேள்வியால் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மார்க் இழந்தனர். முழு மார்க் வாங்கியிருந்த 44 பேர் அந்தப் பட்டியலிலிருந்து இறங்கினர். அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுப்பது ஏழைக் குடும்பத்தின் சிக்கனம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அச்சான ஆண்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ரசாயனத்தில் அணைவுச் சேர்மங்களின் பெயரிலும் இந்தத் தொல்லை உண்டு. இன்றைய புத்தகம் 'குளோரிடோ', 'சயனிடோ' என்கிறது. பழைய நோட்டுகளில் 'குளோரோ', 'சயனோ' என்று இருக்கும்.

நீட் வேறு, சி.இ.டி. வேறு

மும்பைப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு நுழைவுத் தேர்வுகளை எழுதுகிறார்கள். நீட்டில் ரசாயனத்துக்கு 45 கேள்வி, 180 மார்க். சரியானால் நான்கு, தவறானால் மைனஸ் ஒன்று. 2021 முதல் இருந்த சாய்ஸும் 2025ல் எடுபட்டுவிட்டது. மாநில அரசின் சி.இ.டி. தேர்விலோ ரசாயனத்துக்கு 50 கேள்வி, கேள்விக்கு ஒரு மார்க், தவறுக்குக் கழிவு இல்லை. பௌதிகமும் சேர்த்து நூறு கேள்விக்கு 90 நிமிடம்.

நீட்டுக்குப் பயந்து பழகிய பிள்ளை சி.இ.டி.யிலும் தெரியாத கேள்விகளை விட்டுவிட்டு வருகிறது. அது சுத்த நஷ்டம். அங்கே ஒரு கேள்வியையும் விடக்கூடாது. சி.இ.டி.க்குப் பழகிய பிள்ளை நீட்டில் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறது. நான்கு கேள்வியைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகி, மூன்று தவறாகி, கையில் நிற்பது ஒரு மார்க். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தால் குறிப்பது லாபம். ஒன்றையும் தள்ள முடியாத கேள்வியை விட்டு நகர்ந்தால், மிச்சமாகும் நேரத்தில் தெரிந்த கணக்கின் அலகைச் சரிபார்க்கலாம்.

முடிவு வந்தபின் மார்க்கில் சந்தேகம் இருந்தால் என்ன செய்வது? முன்பு சி.பி.எஸ்.இ.யில் முதலில் கூட்டல் சரிபார்க்க மனு, பிறகு விடைத்தாள் நகல், பிறகு மறுமதிப்பீடு என்று வரிசை இருந்தது. 2025ல் அதை மாற்றி, முதலிலேயே நகலை வாங்கிப் பார்க்கலாம் என்றார்கள். மாநில வாரியத்திலும் நகல் வாங்கிய பிறகுதான் மறுமதிப்பீடு. நகல் கைக்கு வந்ததும் வாரியத்தின் மதிப்பீட்டுக் குறிப்பைப் பக்கத்தில் வைத்து, ரசாயனம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். கழிந்த அரை மார்க்குகள் அலகுக்காகக் கழிந்தவையானால் மனுப்போட்டுப் பயனில்லை. எழுதிய படிக்கு மார்க் கொடுக்காமல் விட்டிருந்தால் தயங்காமல் மனுப்போடலாம். சி.பி.எஸ்.இ. மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தாலும் குறைந்ததே செல்லும் என்பதைப் பணம் கட்டுமுன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மனுவுக்குக் கெடு சில நாட்களே. முடிவு வெளியான வாரத்தில் ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பவர்கள் அதற்குமுன் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.