மைசூர்ப் பயணம்: கேட்கப்பட்ட கேள்வியும் கேட்கப்படாத கேள்வியும்

சென்ற மாதம் எங்கள் மத்ரஸாவின் ஆலிம் வகுப்பு மாணவர்கள் பதினாறு பேரை ஒரு நாள் பயணமாக மைசூருக்கு அழைத்துச் சென்றோம். ஓசூரிலிருந்து வாடகை வேன் ஒன்றில் ஆசிரியர்கள் இருவரும் பெற்றோர் இருவரும் உடன் வந்தனர். பார்ப்பதற்கென்று நாங்கள் குறித்துக்கொண்ட இடங்கள் இரண்டு: மைசூர்ப் பல்கலைக்கழகம், புனித ஃபிலோமினா தேவாலயம். அரண்மனையும் மிருகக்காட்சிசாலையும் பட்டியலில் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சற்று வருத்தம்தான்.

ஊர் திரும்பிய மறுநாளே ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிட்டது. “குர்ஆன் ஓதும் பிள்ளைகளைச் சர்ச்சுக்குள் அழைத்துச் செல்ல எந்த ஹஜ்ரத் அனுமதி தந்தார்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை ஆமோதித்துப் பலர் எழுதினர். மூத்த ஜமாஅத்தார் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நேரில் வந்து, கோபமின்றி, உண்மையான கவலையோடு அதையே கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுவது எங்கள் கடமை. கூடவே, யாரும் எங்களிடம் கேட்காத வேறொரு கேள்வியும் இருக்கிறது. அதையும் எழுத வேண்டும்.

முதலில் மார்க்கச் சட்டம். பிற சமயத்தார் வழிபாட்டிடத்தினுள் நுழைவது வெறுக்கத்தக்கது என்று ஹனஃபி அறிஞர்கள் சிலர் எழுதியிருப்பதை நாங்கள் அறிவோம். அதே நூல்களைத்தான் பாடமாக நடத்துகிறோம். உருவங்கள் இருப்பதால் உங்கள் தேவாலயங்களில் நாங்கள் நுழைவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். அதே இடத்தில், உருவங்கள் இல்லாத தேவாலயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுதார்கள் என்பதையும் பதிவு செய்கிறார். ஷாம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் விருந்து ஏற்பாடு செய்தபோது, உமர் (ரலி) தாம் செல்லாமல் அலீ (ரலி) அவர்களை மக்களோடு அனுப்பிய செய்தியை ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா ‘அல்முஃனி’யில் எடுத்துக்காட்டி, நுழைவதற்கு அனுமதி உண்டு என்கிறார்.

எங்கள் மனத்தை இவை அனைத்தையும்விடத் தொட்டது உம்மு ஸலமா, உம்மு ஹபீபா (ரலி) இருவரின் நிகழ்ச்சி. அபிசீனியாவில் தாங்கள் கண்ட தேவாலயத்தையும் அதிலிருந்த சித்திரங்களையும் பற்றி அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் பேசினார்கள். நல்லடியாரின் கப்ரின் மீது வழிபாட்டிடம் எழுப்பி உருவம் வரையும் செயலை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் அதைப் பார்த்ததையோ, பார்த்ததை விவரித்ததையோ கண்டிக்கவில்லை. பார்ப்பது வேறு, பங்கேற்பது வேறு. ஆகவே திருப்பலி நடக்கும் நேரத்தைத் தவிர்ப்பது, மெழுகுவர்த்தி ஏற்றாமல் இருப்பது, வணங்குவோர் எவரையும் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது என்று மூன்று நிபந்தனைகளை வேனில் ஏறும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். மாற்றுக் கருத்துடையோரின் ஆதாரத்தையும் மதிக்கிறோம். மகனை அனுப்ப விரும்பாத பெற்றோர் இருவரின் முடிவை ஏற்று, அப்பிள்ளைகளை விட்டுவிட்டே சென்றோம்.

நம் பகுதி எத்தகையது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓசூர் சிப்காட் ஆலைகளில் நம் பிள்ளைகளுக்கு அருகே நின்று வேலை செய்வோர் எல்லாச் சமயத்தவரும்தான். கிருஷ்ணகிரியில் பாத்திமா அன்னை திருத்தலம் இருக்கிறது. அந்த வழியே எத்தனையோ முறை பேருந்தில் சென்றிருக்கிறோம். நபியவர்களின் மகளார் பெயர் ஒரு கிறிஸ்தவத் திருத்தலத்துக்கு எப்படி வந்தது என்று ஒரு மாணவர் கேட்டபோதுதான் இந்தப் பயணத்தின் எண்ணமே பிறந்தது. போர்ச்சுகலில் ஃபாத்திமா என்று ஒரு சிற்றூர். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் அரபிப் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. 1917-இல் அவ்வூரில் ஆடு மேய்த்த மூன்று சிறார்களுக்கு மர்யம் அன்னை காட்சி தந்தார் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. அதனால் ஊரின் பெயரே அன்னையின் பெயராகி உலகெங்கும் பரவியது. லிஸ்பனிலிருந்து பயணிகள் அந்தத் திருத்தலத்தையும், 1290-இல் தோன்றிய பழம்பெரும் பல்கலைக்கழகம் இருக்கும் கொயிம்பிரா நகரையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது வழக்கமாம். இதைச் சொன்னபோது, “நமக்குப் பக்கத்தில் அப்படி ஏதும் இல்லையா ஹஜ்ரத்?” என்று கேட்டார் அதே மாணவர். இருக்கிறது; சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில்.

ஃபஜ்ரு தொழுததும் கிளம்பினோம். ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளியில் கர்நாடகத்துக்குரிய வண்டி வரியைக் கட்டி, நைஸ் சாலை வழியாக மைசூர் விரைவுச்சாலையை அடைந்தோம். மண்டியாவைத் தாண்டியதும் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தது. திப்பு சுல்தான் 1799 மே 4-ஆம் நாள் வீழ்ந்த மண் அது. நம் கிருஷ்ணகிரியும் பாராமஹாலும் அவருடைய ஆட்சியில் இருந்தவை. 1792 உடன்படிக்கையில்தான் ஆங்கிலேயர் கைக்குப் போயின. மீலாது மேடைகளில் திப்புவைப் பற்றி முழங்கிப் பரிசு வாங்கிய மாணவர்கள் எங்களிடம் உண்டு. வேன் அங்கே நின்றபோது, அந்தப் பேச்சுகளில் இடம்பெறாத ஒன்றையும் சொன்னோம்.

1784-இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் சிறைப்பிடிக்கப்பட்டு இதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்பது திப்புவின் குற்றச்சாட்டு. தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. வழியிலும் சிறையிலும் பலர் இறந்தனர். எஞ்சியோர் ஊர் திரும்பியது 1799-க்குப் பிறகுதான். அதன் பின் இங்கு வந்து அம்மக்களிடையே பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, இப்பகுதியில் அம்மைத் தடுப்பூசியைப் பரப்பவும் பாடுபட்டவர். மராத்தியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குத் திப்பு உதவியது எவ்வளவு உண்மையோ, இதுவும் அவ்வளவு உண்மை.

“இதைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டுமா ஹஜ்ரத்? நம்மைப் பிடிக்காதவர்கள் சொல்வது போதாதா?” என்றார் உடன் வந்த தந்தை ஒருவர். அவருடைய வேதனை எங்களுக்குப் புரிகிறது. திப்புவின் பெயரை வைத்து நம்மை இழிவுபடுத்தும் அரசியல் எல்லைக்கு அப்பால் மட்டுமா நடக்கிறது? ஆயினும், உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் இடும் கட்டளை. அந்த வசனத்தை ஓதக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதன்படி நடக்க வேண்டிய இடத்தில் வாய் மூடி இருக்க எங்களால் முடியவில்லை.

தேவாலயத்துக்குப் பத்தரை மணியளவில் போய்ச் சேர்ந்தோம். 175 அடி உயர இரட்டைக் கோபுரங்கள். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைப் பார்த்துக் கட்டியவை. 1933-இல் அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் என்ற இந்து மன்னர். அப்போது அவருடைய திவான் மிர்ஸா இஸ்மாயில் என்ற முஸ்லிம். மன்னரோடு சிறுவயதில் ஒன்றாகப் படித்தவர். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் 1905-இல் பட்டம் பெற்று, 1926 முதல் 1941 வரை மைசூர் அரசை நிர்வகித்தவர். இவ்விடத்தில் அதற்கு முன்பிருந்த தேவாலயத்தை 1843-இல் கட்டித்தந்தவரும் ஓர் உடையார் மன்னர்தான். அகிலங்களைப் படைத்துக் காத்து ஆளும் ஒரே இறைவனின் பெயரால் இது கட்டப்பட்டது என்ற பொருளில் அதன் கல்வெட்டு தொடங்குகிறதாம். அதைச் சொன்னதும் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தொடக்கம் நமக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் ஈஸா (அலை) அவர்களைப் பற்றி அக்கல்வெட்டு தொடர்ந்து சொல்வதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு தொடங்குகிறது என்பதையும் மறைக்காமல் விளக்கினோம்.

படியிறங்கினால் நிலவறையில் புனித ஃபிலோமினாவின் திருப்பண்டம் இருக்கிறது. ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறையில் 1802-இல் கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் ஃபிலோமினா என்ற கன்னியுடையவை என்று கருதப்பட்டு, அவரைக் குறித்த வழிபாடு பரவியது. போதிய வரலாற்றுச் சான்று இல்லையென்று 1961-இல் வாட்டிகனே அவருடைய விழாவை வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து நீக்கியது. மாணவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவரிடம், நம் ஊர்களில் சங்கிலித் தொடர் இல்லாத எத்தனை கதைகள் கப்ருகளைச் சுற்றி நடமாடுகின்றன என்று எண்ணிச் சொல்லும்படி கேட்டோம். ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையை ஆராயக் கற்ற கூட்டம் நாம். தங்களிடமிருந்த ஒன்றைச் சான்றில்லையென்று விலக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது என்பதே எங்கள் கண்ணுக்குப் பட்டது.

வெளியே வரும்போது முதிய பெண்மணி ஒருவர் தொப்பிகளைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். “எந்த ஊர் தம்பி?” ஓசூர் என்றதும் முகம் மலர்ந்தது. அவருடைய மகனுக்கு அங்கே ஓர் ஆலையில் ஒப்பந்த வேலையாம். நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்ததாகச் சொல்லிவிட்டு, “நீங்க எல்லாம் நல்லாப் படிங்கப்பா” என்றார். எங்கள் மாணவர்களில் ஐவரின் தந்தையர் அதே ஒப்பந்த வேலையில்தான் இருக்கிறார்கள். நிலவறையில் சிரித்த மாணவர் அவருக்கு முதல் ஆளாகப் பதில் சொன்னார்: “சரிங்கம்மா.”

லுஹரை மைசூரிலேயே ஒரு பள்ளிவாசலில் தொழுதுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அது 1916 ஜூலை 27-இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் எழுந்த முதல் பல்கலைக்கழகம். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் இங்கே தத்துவப் பேராசிரியராக இருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்களே அவருடைய வண்டியை ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் பழைய கட்டடத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். தஞ்சைப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த ஓலைச்சுவடியை 1905-இல் அங்கே நூலகராயிருந்த சாமசாஸ்திரி படித்துப் பார்த்தார்; நூற்றாண்டுகளாக மறைந்திருந்த அர்த்தசாஸ்திரம் அதில் இருந்தது. கையெழுத்துப் பிரதிகளின் அருமை மத்ரஸா மாணவர்களுக்கு விளக்காமலே விளங்கும். அந்த இடத்தைவிட்டு நகர அவர்களுக்கு மனமில்லை.

பிறகு மானசகங்கோத்ரி வளாகம். மர நிழலும் அகன்ற சாலைகளும். வீட்டில் தக்கினி உருது பேசும் பிள்ளைகள் உருதுத் துறையின் பலகையைப் படித்துவிட்டு நின்றார்கள். பதினேழு வயது மாணவர் ஒருவர் திரும்பி, “ஹஜ்ரத், நாங்கள் இங்கே சேரலாமா?” என்றார்.

தேவாலயம் பற்றி அவர்கள் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஆதாரத்தோடு விடை தயாரித்துக்கொண்டு சென்றிருந்தோம். இதற்கு எங்களிடம் விடை இல்லை. அந்த மாணவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு எங்களிடம் வந்தவர். நஹ்வு, ஸர்ஃபு, ஃபிக்ஹு எல்லாவற்றிலும் முதல் மாணவர். ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் அந்த வாசலுக்குள் போக வழியில்லை. அதை அவரிடம் சொல்லும்போது எங்களுக்கு நாக்கு எழவில்லை.

இது அல்லாஹ் விதித்த தடையா? ஃபெஸ் நகரில் 859-இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண்மணி எழுப்பியதாக அறியப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலே பின்னர் பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. அவ்வளவு தொலைவு போக வேண்டாம். அரபி மத்ரஸாக்களில் படித்தவர்களுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகம் அஃப்ஸலுல் உலமா தேர்வை நெடுங்காலம் நடத்தியது. நம் பக்கத்து மாவட்டத்தில் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924 முதல் இருக்கிறது. அங்கே ஓதியவர்கள் பல்கலைக்கழக அரபித் துறைகளில் ஆசிரியர்களாக அமர்ந்திருக்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பாடங்களில் உருதுவும் அரபியும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை தேர்வு. இதையெல்லாம் நாங்கள் அறிந்தே இருந்தோம். அறிந்தும் பதினெட்டு ஆண்டுகளாக எதுவும் செய்யவில்லை. ஓதி முடித்தவருக்கு ஒரு பள்ளிவாசலில் இமாமத், ஓதாமல் நின்றவருக்கு ஆலையில் ஒப்பந்த வேலை என்று நாங்களாகவே கணக்கை முடித்துவிட்டிருந்தோம்.

நம் ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் அரைமணி நேரம் தேவாலயத்தில் இருந்ததற்குக் குழுவில் இத்தனை கேள்விகள். அதே பிள்ளைகள் ஆறேழு ஆண்டுகள் எங்களிடம் இருந்தும் ஒரு பொதுத்தேர்வைக்கூட எழுதாததற்கு இதுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. அதையும் கேளுங்கள், முதலில் எங்களைக் கேளுங்கள்.

அந்தப் பதினாறு பேரில் ஏழு பேர் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்ய விண்ணப்பம் நிரப்பியிருக்கிறார்கள். இஷாவுக்குப் பின் கணக்கும் ஆங்கிலமும் நடக்கின்றன. கணக்கு ஆசிரியர் ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் மட்டும் வருகிறார். ஊதியம் வேண்டாம் என்றுவிட்டார். பதிவுக் கட்டணத்தில் இன்னும் மூன்று பேருக்குரியது குறைகிறது. மைசூரில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவரின் தந்தை, மகனை அடுத்த மாதமே வேலைக்கு அனுப்புவதாக ஆலையில் சொல்லிவைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரைப் பார்க்கச் செல்கிறோம், இன்ஷா அல்லாஹ். நேரில் வந்து கேட்ட அந்த மூத்த ஜமாஅத்தாரும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.