ஆசிரியர் வேட்பாளராகக் கூடாதா?

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஆசிரியர் வேண்டும். முதல் நாள் இரவே வாக்குச்சாவடிக்குச் சென்று தங்க ஆசிரியர் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அவரே வேண்டும். ஆசிரியர்களைக் கல்விசாராப் பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்று கூறும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தேர்தல், கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு மட்டும் அதே 27ஆவது பிரிவில் விலக்களிக்கிறது. ஆனால், தேர்தலை நடத்தித் தரும் அந்த ஆசிரியர் தாமே தேர்தலில் நிற்க முன்வந்தால், உடனே மாணவர் நலன் பலருக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

கேரளத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிடச் சட்டம் நெடுங்காலம் இடமளித்திருந்தது. 2021 பிப்ரவரியில் அம்மாநில உயர்நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆசிரியர் அரசியலுக்குச் சென்றால் குழந்தைகளின் கல்வி உரிமை பாதிக்கப்படும் என்ற வாதமே அங்கு முதன்மை பெற்றது.

இந்த வாதத்தை அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோழர் கே.கே.ஷைலஜா கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 1996இல் கூத்துப்பரம்பு தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றதோ 2004இல்தான். 2016இல் சுகாதார அமைச்சரானார். 2018இல் நிபா, 2020இல் கொரோனா என நோய்கள் தாக்கியபோது, அச்சத்தில் இருந்த மக்களிடம் உண்மை நிலையை மறைக்காமல், எளிய சொற்களில், பொறுமையுடன் விளக்கினார். அது வகுப்பறை தந்த பயிற்சி. 2021இல் மட்டனூர் மக்கள் 60,963 வாக்குகள் வித்தியாசத்தில் அவரை வெற்றிபெறச் செய்தனர். கேரள மக்களுக்கு அவர் இன்றும் ‘ஷைலஜா டீச்சர்’தான்.

இம்மரபு புதிதன்று. 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியும் ஆசிரியரே. திருச்சூரில் கல்லூரியில் கற்பித்தவர். தனியார் பள்ளி நிர்வாகிகளின் தயவில் வாழ்ந்த ஆசிரியர்களுக்கு, அரசே நேரடியாக ஊதியம் வழங்க வழிசெய்தது அவர் கொண்டுவந்த கல்வி மசோதா. அதற்காகவே ஆதிக்க சக்திகள் திரண்டெழுந்தன. 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. ஆசிரியர் சட்டமியற்றும் இடத்திற்கு வருவதைக் கண்டு யார் அஞ்சுகிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வகுப்பறை ஆசிரியரின்றி இருக்கலாகாது என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அதை அலட்சியப்படுத்துவது நமக்கு அழகல்ல. ஆனால் அதற்குத் தீர்வு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியருக்கு ஊதியமில்லா விடுப்பும், அவரிடத்தில் முழு ஊதியத்துடன் மாற்று ஆசிரியரும்தான். காலிப்பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாத அரசுகள், சட்டமன்றம் செல்லும் ஒருசில ஆசிரியர்களைக் காட்டித் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அனுமதிக்க முடியாது.

குடிமக்களின் உரிமைகளைக் கற்பிப்பவர் தம் குடியுரிமையைப் பள்ளி வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டும் என்பது ஜனநாயகமாகாது. காலியிடங்களை நிரப்பும் கோரிக்கையையும் ஆசிரியரின் அரசியல் உரிமையையும் ஒன்றாக இணைத்து, முதலில் பெற்றோரிடம் கொண்டுசெல்வது நம் கடமை.