ரெண்டு மல்லி

ஜப்பானில் கரியா என்று ஓர் ஊர் இருக்கிறது. காரியாபட்டிக்காரனான எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பங்காளி ஊர் மாதிரி ஒரு பாசம். நம்மைவிட ஒரு கால் குறைச்சல், பட்டியும் கிடையாது, அவ்வளவுதான். நமக்கு அருப்புக்கோட்டைத் தறி மாதிரி அவர்களுக்கும் ஆதியில் தறிதான். 1926-ல் அந்த ஊரில் தறி இயந்திரம் செய்ய ஆரம்பித்த டொயோடா குடும்பம், 1933-ல் அதிலேயே ஒரு மூலையில் கார் பிரிவைத் தொடங்கியது.

1997 பிப்ரவரி 1, விடிகாலை. கரியாவில் ஐசின் கம்பெனியின் ஆலை தீப்பிடித்து எரிந்தது. பிரேக்குக்கான சின்ன வால்வு ஒன்று, டொயோட்டா கார்களுக்கு அநேகமாக முழுவதும் அங்கிருந்துதான் போகும். டொயோட்டாவிடம் கையிருப்பு? சில மணி நேரத்துக்கு! (அரிசி அப்படி இருந்தால் என் வீட்டில் எனக்குக் கிடைப்பது சோறாக இருக்காது.) வால்வு இல்லை, காரும் இல்லை. ஜப்பானில் அவர்கள் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின.

இது கஞ்சத்தனம் இல்லை சார், கொள்கை. தாய்ச்சி ஓனோ என்ற டொயோட்டா இன்ஜினீயர் வளர்த்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஆள் எடுத்த அளவுக்குத்தானே அலமாரியை நிரப்புகிறார்கள்? அதேபோல அடுத்தவன் கேட்கும்போது, கேட்ட அளவு மட்டும் செய். கேட்பதற்கு ஒரு அட்டை. குவித்து வைத்தால் பணம் முடங்கும், செய்த தப்பும் குவியலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்பது அவர் கட்சி.

என் அண்ணன் மகன் ஓசூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், பட்டாசாலையில் அடுக்கியிருந்த மல்லி மூட்டைகளைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"ஸ்டாக் வைக்கிறதே பாவம்ப்பா!"

அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "நம்ம ஊருல மழை வருஷத்துக்கு ஒருக்காத்தான் பேயுது. ரசம் தெனமும்ல வைக்கிறாக?"

ஓனோவே எதிரில் இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்.

எங்கள் பக்கம் மல்லி என்றால் ரெண்டு. மானாவாரிக் கரிசலில் விளைகிற மல்லி விதை ஒன்று. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிற மல்லிகை இன்னொன்று. முதல் மல்லி காய்ந்துவிட்டால் மூட்டையில் மாதக்கணக்காய்ச் சமர்த்தாகத் தூங்கும். இரண்டாவது மல்லிக்கு ஆயுசு ஒரே பகல். விடியுமுன் மொட்டாகப் பறித்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொட்டாகவே இறக்க வேண்டும். வழியில் வண்டி டயர் பஞ்சரானால் பூ சிரித்துவிடும், விவசாயி அழ வேண்டியதுதான். ஸ்டாக்கே இல்லாத வியாபாரத்தை ஜப்பானில் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். எங்கள் ஊர் அம்மாக்கள் மடியில் கட்டிக்கொண்டு நடத்துகிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, மார்க்கெட் இல்லை. செடிக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குப் பூத்தது. பறிக்காமல் விட்டாலும் செடி கெடும் என்று கூலி கொடுத்துப் பறித்துக் கீழே கொட்டினார்கள்.

கரியாவில் நடந்தது வேறு. தீ அணைந்த கையோடு டொயோட்டாவின் மற்ற சப்ளையர்கள் ஓடி வந்தார்கள். வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்குக் கொஞ்சம் வால்வு செய்தார்கள். தையல் மெஷின் செய்கிற பிரதர் கம்பெனிகூடச் செய்தது. ஒரு வாரத்துக்குள் ஆலைகள் திரும்ப ஓடின. சரக்கு சேர்த்து வைக்காதவர்கள் ஆள் சேர்த்து வைத்திருந்தார்கள். பூக்காரருக்கு அப்படி வர யார் இருக்கிறார்கள்?

சரி, வைக்க முடிகிற மல்லியையாவது எல்லோராலும் வைக்க முடிகிறதா என்றால், அதுவும் இல்லை. களத்தில் காயும்போதே உரக் கடன்காரர் வாசலுக்கு வந்துவிடுகிறார். ஊரே ஒரே வாரத்தில் விற்றால் விலை தரையில்தான் கிடக்கும். அந்த மூட்டை விருதுநகர் கிட்டங்கியில் ஏறிய பிறகு விலைக்கு எங்கிருந்தோ உயிர் வரும். பொறுத்திருக்க முடிந்தவருக்குத்தான் லாபம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையை வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மாட்டு வாகடம் தெரிந்த அண்ணனுக்கு மனு ஃபாரம் என்றால் ஜுரம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது பையன் செல்போனில் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, இப்ப வித்துராதீங்க. ஃபாரத்த நான் எழுதுறேன். வட்டியும் நான் கட்டுறேன்."

"ஸ்டாக் வைக்கிறது பாவம்னியேடா?"

"பாவந்தான். மூணு மாசம் பண்ணுவோம்."

அண்ணன் எழுந்து மூட்டைகளை ஒரு தட்டு தட்டினார். "பண்றதத் திருந்தப் பண்ணு. மொதல்ல அடியில பலகையப் போடு, ஈரம் ஏறுது."